குடும்பத் தலைவரின் பை

ஐப்பசி பிறந்து வங்கக் கடலில் முதல் காற்றழுத்தத் தாழ்வு உருவானதும் எங்கள் அடுக்ககத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்படும். ‘அவசரகாலப் பை’ என்பது தலைப்பு. டார்ச், மாற்று பேட்டரி, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, குடிநீர், உலர் உணவு, முதலுதவிப் பொருட்கள், வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகள், கொஞ்சம் ரொக்கம், தண்ணீர் புகாத உறையில் முக்கிய ஆவணங்கள். அரசின் பேரிடர் மேலாண்மை அறிவுரைகளில் இருப்பதும் ஏறத்தாழ இதே பட்டியல்தான். பயனுள்ள பட்டியல். அதில் இருக்கும் எதையும் நான் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. ஆனாலும் பல ஆண்டுகளாக இதை வாசித்து வருகிறவள் என்ற முறையில், ஒரு கதையை வாசிக்கும்போது கேட்கிற கேள்விகளை இதனிடமும் கேட்கலாம் என்று தோன்றுகிறது. யார் பேசுகிறார்கள்? யாரிடம்? எதைச் சொல்லாமல் விடுகிறார்கள்?

முதலில் இதன் இலக்கணம். எல்லா வினைகளும் ‘வும்’ என்று முடிகின்றன. எடுத்து வைக்கவும், சரிபார்க்கவும், மின் இணைப்பைத் துண்டிக்கவும், பாதுகாப்பான இடத்துக்கு வெளியேறவும். எழுவாய் கிடையாது. எழுவாய் இல்லாத வாக்கியத்தை ஒரு குடும்பத்துக்குள் கொண்டுபோனால் அந்தக் குடும்பம் தன் வழக்கப்படி எழுவாயை நிரப்பிக்கொள்ளும். எங்கள் வீட்டில் ‘எடுத்து வைக்கவும்’, ‘சரிபார்க்கவும்’ இரண்டுக்கும் எழுவாய் நான். தேதி முடிந்த பிஸ்கட் பாக்கெட்டை மாற்றுவது, மாமியாரின் சர்க்கரை மாத்திரையை எண்ணி வைப்பது, டார்ச்சை அழுத்திப் பார்ப்பது எல்லாம் யாரும் சொல்லாமலே என் வேலையாகிவிட்டன. ‘வெளியேறவும்’ என்ற கடைசி வினைக்கு எழுவாய் யார் என்பது 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவுதான் எனக்கு விளங்கியது.

அப்போது நாங்கள் சைதாப்பேட்டையில், அடையாற்றிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், தரைத்தள வீட்டில் இருந்தோம். தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை பெய்ததும், செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டதும் பிறகு பத்திரிகையில் படித்தவை. அன்று எனக்குத் தெரிந்தது, தெருமுனையில் பாதாளச் சாக்கடை மூடியைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் மேலே வருகிறது என்பது மட்டும். சாயங்காலம் ஆறு மணிக்கே, “மாடி வீட்டுக்குப் போயிடலாம் அத்தை” என்றேன். “அவன் வரட்டும்மா, வந்ததும் முடிவு பண்ணிக்கலாம்” என்றார் அத்தை. என் கணவர் அலுவலகத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். கைபேசி இணைப்பு செத்துப்போயிருந்தது.

அத்தை பொல்லாதவர் இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்புவது ஆண் எடுக்கிற முடிவு என்பது அவர் வளர்ந்த விதத்தில் கேள்வியே இல்லாத விஷயம். நானும் அவரிடமிருந்து அவ்வளவு தூரம் விலகியவள் இல்லை போலும். ஆறு மணிக்குச் சொன்ன நான் ஏழு மணிக்கு மறுபடி சொல்லவில்லை. எட்டு மணிக்கு எல்லோருக்கும் தோசை ஊற்றினேன். பதினொன்றரைக்கு, முழங்காலுக்கு மேல் தண்ணீரில், நான்கு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, அத்தையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு படியேறினேன். அவர் மறுநாள் மதியம்தான் வந்து சேர்ந்தார்.

எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாடி இருந்தது, மாடியில் கதவைத் திறக்க ஒரு குடும்பம் இருந்தது. ஆனால் அந்த ஐந்தரை மணி நேரத்தை நான் பிற்பாடு வேறொரு இடத்தில் படித்தேன். 1991 ஏப்ரலில் வங்கதேசத்தைத் தாக்கிய புயலில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 20 முதல் 44 வயது வரை உள்ளவர்களில் ஆயிரம் பெண்களுக்கு 71 பேரும், ஆயிரம் ஆண்களுக்கு 15 பேரும் இறந்ததாகக் கணக்கு. ஏன் என்று ஆராய்ந்தவர்கள் சொன்ன காரணங்களில் இரண்டு என்னை உட்காரவைத்துவிட்டன. எச்சரிக்கை கடைத்தெரு போன்ற பொது இடங்களில் ஆண்கள் வாயிலாக ஆண்களுக்குப் போயிருக்கிறது. வீட்டிலிருந்த பெண்களில் பலர், கணவர் வந்து போகலாம் என்று சொல்வதற்காகக் காத்திருந்திருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் ஆறு மணிக்கு ஒருமுறை சொல்லிப் பார்த்திருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அவர்கள் கையில் டார்ச் இருந்திருந்தாலும் அது எந்தத் திசையைக் காட்டியிருக்கும்?

பட்டியலின் இன்னொரு அனுமானம் கைகள். முதுகில் மாட்டும் பையாக இருந்தால் நல்லது, கைகள் காலியாக இருக்கும் என்கிறது அந்தத் தாள். யாருடைய கைகள்? 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை. கடலூர் மாவட்டத்தில் சுனாமியில் இறந்த பெண்கள் ஆண்களைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு என்று ஆக்ஸ்பாம் அமைப்பு 2005 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை சொன்னது. கடலுக்குப் போயிருந்த ஆண்களின் படகுகளுக்கு அடியில் அலை பெரிய அலையாக எழாமலே கடந்திருக்கிறது. கரையில் மீன் வாங்கக் காத்திருந்தவர்கள் பெண்கள். ஓடவேண்டிய நேரத்தில் அவர்கள் கையில் பிள்ளைகள் இருந்தார்கள். நீச்சலும் மரமேறுவதும் பெண்பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தராத வித்தைகள். ஈரமான புடவை காலைச் சுற்றும், அவிழ்ந்த கூந்தல் முள்ளில் மாட்டும். கடற்கரை ஊர்களில் பிறகு கேட்கப்பட்ட கதைகளில் இவை திரும்பத் திரும்ப வந்தன. என் மகளுக்கு ஆறு வயதில் நீச்சல் கற்றுக்கொடுத்ததை நான் அவசரகால ஏற்பாடு என்றே கருதுகிறேன். எந்தப் பட்டியலிலும் அது இல்லை.

இனி, நான் மிகவும் வெட்கப்படும் இடத்துக்கு வருகிறேன். 2015இல் என்னிடம் பை தயாராக இருந்தது. தீபாவளியை ஒட்டிய மழையிலேயே பயந்துபோய், நவம்பர் நடுவில் கட்டி வைத்திருந்தேன். அன்று இரவு மகளுக்கும் அத்தைக்கும் நடுவில் அதைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் படியேறினேன். அதில் வீட்டுப் பத்திரம் இருந்தது, கணவர் பெயரில். அவருடைய பள்ளி, கல்லூரிச் சான்றிதழ்கள், பாஸ்போர்ட், காப்பீட்டுப் பத்திரங்கள், ரேஷன் அட்டை, கேஸ் புத்தகம், அத்தையின் ஓய்வூதியப் புத்தகம், மகளின் பிறப்புச் சான்றிதழ். என்னுடைய எம்.ஏ. பட்டமும், பி.எட். சான்றிதழும், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும் பீரோவின் அடித்தட்டில் பழைய பட்டுப்புடவைக்குக் கீழே இருந்தன. மூன்று நாள் கழித்து பீரோவைத் திறந்தபோது மை கரைந்து, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. புடவையின் சிவப்பு அவற்றில் ஏறியிருந்தது.

விட்டுவிட்டுப் போ என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. ‘முக்கிய ஆவணங்கள்’ என்ற இரண்டு சொற்களை வாசித்து நானே அப்படித்தான் பொருள் கொண்டேன். மகள் பிறந்ததும் வேலையை விட்டிருந்தேன். வேலை பார்க்காதவளின் பட்டம் முக்கிய ஆவணமா என்று ஒரு நொடிகூட யோசித்ததாக நினைவில்லை. ஒரு பிரதி தன் வாசகியை நம்பி விட்டுச்செல்லும் வெற்றிடத்தில் வாசகி எதைக் கொண்டுவந்து போடுகிறாள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என் வாழ்க்கையில் இல்லை.

வெள்ளத்துக்குப் பிறகு, இழந்த ஆவணங்களுக்குக் கட்டணமில்லாமல் நகல் தர அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது. நல்ல காரியம். அங்கே வரிசையில் நின்றபோதுதான் பெண்களின் காகிதங்களுக்கு இருக்கும் இன்னொரு நோயைப் பார்த்தேன்: இனிஷியல். எனக்குச் சான்றிதழ்களில் அப்பாவின் எழுத்து. ரேஷன் அட்டையில் கணவரின் எழுத்து. ஆதாரில் எழுத்தே இல்லாமல், கணவரின் பெயர் முகவரிக்குள். வங்கிக் கணக்கில், அன்றைக்குக் கவுண்டரில் இருந்தவர் என்ன கேட்டாரோ அது. “இந்த மூணும் ஒரே ஆள்தான்னு எப்படிம்மா நம்புறது?” என்று மேசைக்குப் பின்னால் இருந்தவர் கேட்டார். அவரைக் குறைசொல்ல முடியாது. எனக்கு முன்னால் நின்ற அம்மாளுக்கும் பின்னால் நின்ற பெண்ணுக்கும் அதே கேள்வி. ஆண்கள் வரிசை எங்களைவிட வேகமாக நகர்ந்தது. ஒரு ஆண் பிறப்பிலிருந்து இறப்புவரை ஒரே எழுத்தோடு இருக்கிறான். ‘ஆவணங்களை ஓர் உறையில் போடவும்’ என்ற வரி அவனுக்காக எழுதப்பட்டது. இரண்டு வீடுகளிலும் இரண்டு எழுத்துகளிலும் கிடக்கிற ஒருத்தியின் காகிதங்களை ஓர் உறையில் போட்டாலும் அவை ஒரே ஆளாகிவிடுவதில்லை.

பெண்ணியம் பேசுகிறவர்கள் இந்தப் பட்டியலை விமர்சிக்காமல் இல்லை. சானிட்டரி நாப்கின் எங்கே, உள்ளாடை எங்கே, கர்ப்பிணிக்கு என்ன, பால் கொடுக்கும் தாய்க்கு என்ன என்று கேட்டார்கள், பலனும் கிடைத்தது. ஐ.நா. மக்கள்தொகை நிதியம் பேரிடர் பகுதிகளில் பெண்களுக்கென்று தரும் பையில் நாப்கினோடு சோப்பும் உள்ளாடையும் டார்ச்சும் விசிலும் இருக்கின்றன. முகாமில் இருட்டில் கழிப்பறைக்கு நடந்துபோனவளுக்கு விசிலின் அருமை தெரியும். ஆனால் பட்டியலோடு நாப்கினைச் சேர்த்ததும் கணக்குத் தீர்ந்தது என்கிற திருப்தி எனக்கு உவப்பாயில்லை. பெண்ணின் உடலுக்கு ஒரு வரி கொடுத்துவிட்டு, அவளுடைய பெயரையும் சொல்லையும் பழைய இடத்திலேயே வைத்துக்கொள்வது எளிது. இப்போது எங்கள் தாளிலும் ‘பெண்களுக்கான சுகாதாரப் பொருட்கள்’ என்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது. வரிசையில் கடைசி. அதற்கு முந்தைய வரி செல்லப்பிராணிகளுக்கான உணவு.

பெயர் என்ன செய்யும் என்பதற்கு இலங்கையின் கிழக்கைப் பார்க்க வேண்டும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தமிழர், முஸ்லிம் இரு சமூகங்களிலும் மகளுக்குச் சீதனமாக வீடு கொடுப்பது வழக்கம். கல்யாணமானதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடும் வளவும் அவள் பெயரில். சுனாமி அந்த வீடுகளைக் கொண்டுபோனது. புதிய வீடுகள் கட்டித் தரப்பட்டபோது, உறுதிப்பத்திரம் ‘குடும்பத் தலைவர்’ பெயரில் வந்தது. குடும்பத் தலைவர் என்றால் ஆண் என்று நிர்வாகம் எடுத்துக்கொண்டது. அலை எடுத்தது அவளுடைய வீடு, நிவாரணம் கொடுத்தது அவனுடைய வீடு. அங்குள்ள பெண்கள் அமைப்புகள் பல ஆண்டுகள் இதை எதிர்த்துப் போராடின. அந்தப் பெண்களில் ஒருத்தி தன் சீதன உறுதியைப் பையில் போட்டுக் காப்பாற்றியிருந்தாலும், படிவத்தில் அதற்கான கட்டம் இருந்திருக்காது.

நம் ஊரில் சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 13ஆவது பிரிவின்படி, ரேஷன் அட்டையைப் பொறுத்தவரை 18 வயது நிறைந்த மூத்த பெண்ணே குடும்பத் தலைவர். உங்கள் அட்டையை எடுத்து யார் படம் இருக்கிறது என்று பாருங்கள். 2023இல் மகளிர் உரிமைத் தொகைக்காகப் பலரும் தலைவர் பெயரை மாற்ற ஓடியபோது, அவசியமில்லை, தலைவர் ஆணாக இருந்தால் அவர் மனைவி குடும்பத் தலைவியாகக் கொள்ளப்படுவார் என்று விளக்கம் வந்தது. அலைச்சலைக் குறைத்த விளக்கம்தான். ஆனாலும் தலைவரின் மனைவி என்பதால் தலைவி என்ற அந்த வாக்கியத்தை நான் இரண்டு முறை படித்தேன். அதே ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் நிவாரணம் 6,000 ரூபாய் ரேஷன் கடை வழியாக, அட்டைக்கு ஒன்று என்று வந்தது. கணவரை விட்டுப் பிரிந்து, பெயரை மட்டும் பழைய அட்டையிலிருந்து பிரிக்க முடியாமல் இருக்கிறவளுக்கு அந்த மழை பெய்யவில்லை என்று அர்த்தம். பிரிக்கலாம் என்று போனால், பதிவான கைபேசிக்கு ஓடிபி வரும். அந்தக் கைபேசி அவருடையது.

இந்தக் கட்டுரையை இங்கே முடித்துவிடலாம் என்றுதான் முதலில் இருந்தேன். ஒரு கட்டைப்பை நினைவுக்கு வந்து தடுத்துவிட்டது.

வெள்ளத்துக்கு ஒரு வருடம் முன்பு, எங்கள் வீட்டில் வேலைக்கு வந்துகொண்டிருந்த பெண் ஒருநாள் துணிக்கடைக் கட்டைப்பை ஒன்றைக் கொண்டுவந்தாள். “அக்கா, இது உங்க பரண்ல இருக்கட்டுமா? வீட்ல எலி” என்றாள். வைத்துக்கொள்ளச் சொன்னேன். அவள் வீடு ஆற்றங்கரையில், தகரக் கூரை. வெள்ளத்துக்குப் பயந்து வைக்கிறாள், கெட்டிக்காரி என்று நானே ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டேன். வெள்ளம் வந்து எங்கள் வீட்டில் ஜன்னல் உயரம் தண்ணீர் நின்றபோது பரண் நனையவில்லை. நான்காம் நாள் அவள் வந்து ஏணி போட்டு ஏறிப் பையை இறக்கினாள். அவள் வீடு இல்லாமல் போயிருந்தது. பையைப் பிரித்துப் பார்த்தாள்: இரண்டு புடவை, பிள்ளைகளின் துணி, அவள் பெயரில் இருந்த வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல்கள், ஒரு சுருக்குப்பையில் கம்மலும் நானூறு ரூபாயும். “நல்லவேளை, வெள்ளத்துக்குன்னு எடுத்து வச்சியே” என்றேன். “தண்ணிக்கு வச்சதில்லக்கா” என்றாள். மேலே எதுவும் சொல்லவில்லை. அவள் இடது புருவத்தில் இருந்த தழும்பை நான் அதுவரை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

அடிக்கிற கணவனிடமிருந்து தப்பிக்க நினைக்கும் பெண்களுக்கு உலகெங்கும் ஆலோசகர்கள் ஒரு பட்டியல் தருகிறார்கள். அடையாள ஆவணங்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள், கொஞ்சம் ரொக்கம், மாற்றுச் சாவி, மருந்துகள், இரண்டு செட் துணி. என் வாசல் பலகைத் தாளோடு சேர்த்து வைத்தால் வரிக்கு வரி பொருந்தும். வெள்ளப் பை வாசலருகே, எல்லோருக்கும் தெரியும்படி இருக்க வேண்டும். இந்தப் பை யார் கண்ணிலும் படாமல், முடிந்தால் வேறொருவர் வீட்டில் இருக்க வேண்டும். முதல் பையைக் கட்டி வைத்தவளுக்குப் பொறுப்பானவள் என்று பெயர். இரண்டாவது பை அகப்பட்டால் அதற்கே தனியாக அடி விழும். அரசு ஒட்டுகிற பட்டியலில் ஆபத்து எப்போதும் வெளியிலிருந்து வருகிறது, வானத்திலிருந்தும் கடலிலிருந்தும். 2020 மார்ச்சில் ஊரே வீட்டுக்குள் இருக்கச் சொல்லப்பட்டபோது, பத்துக்குப் பத்து அறைக்குள் அடிப்பவனோடு அடைபட்டவளுக்குப் பொருந்துகிற ஒரு வரிகூட அந்த அறிவுரைகளில் இல்லை.

இரண்டாவது பட்டியலிடமும் எனக்கு ஒரு சண்டை உண்டு. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், பத்திரம் யார் பெயரில் இருந்தாலும் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் இருக்கப் பெண்ணுக்கு உரிமை உண்டு என்கிறது, 17ஆவது பிரிவில். 19ஆவது பிரிவின்படி, அவனை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்ல மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. பையைக் கட்டவேண்டியவன் அவன் என்று சட்டம் எழுதி வைத்திருக்கும்போது, எல்லாப் பட்டியலும் அவளையே கட்டச் சொல்கின்றன. உயிர் பிழைக்க ஓடித்தான் ஆக வேண்டும் என்றால் ஓடத்தான் வேண்டும், 181ஐ அழைக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு வாதம் இல்லை. ஆனால் மாணவிகளிடம் பேசும் கூட்டங்களில் தப்பிக்கும் பையைப் பற்றி விரிவாகச் சொல்கிறோம், 19ஆவது பிரிவை ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். அதையும் அதே நிதானத்தோடு சொல்ல வேண்டும்.

அவளுடைய குடும்பத்துக்கும், ஆற்றங்கரையில் இருந்த மற்ற பல குடும்பங்களுக்கும் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடியில் வீடு ஒதுக்கினார்கள். நகரத்தின் விளிம்பில் எத்தனையோ மாடிகளில் ஒரு மாடி. வெள்ளம் வராத உயரம்தான். சைதாப்பேட்டையில் நான்கு வீடுகளில் செய்துகொண்டிருந்த வேலை போயிற்று. ஒருமுறை பார்க்க வந்தவள், “அங்க எனக்குப் பரண் வச்சிருக்கற வீடு ஒண்ணும் பழக்கமில்லக்கா” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். மறுகுடியமர்வுத் திட்டங்களின் குறைகளாகப் பேருந்து, பள்ளி, வேலை என்று நாம் எழுதுகிறோம். பையை ஒப்படைக்க இன்னொரு பெண்ணின் வீடு இல்லாமல் போவதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. போகும்போது கட்டைப்பையை மறுபடி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். இப்போது நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. அது என் பீரோவில், என் புதிய சான்றிதழ்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

போன ஐப்பசியில் வழக்கம்போலத் தாள் ஒட்டினார்கள். பையை இறக்கி எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். என்னுடையதையும் மகளுடையதையும் முதலில் உறையில் போட்டேன். பெயர்கள் எல்லாம் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன் கையெழுத்திட்டு வாங்கிய பிரமாணப் பத்திரத்தை அவற்றுக்கு மேல் வைத்தேன். அத்தையின் மாத்திரைகளை எண்ணி வைத்தேன். கணவரின் சான்றிதழ்களை மட்டும் சாப்பாட்டு மேசை மேல் வைத்து, “உங்களோடத நீங்க எடுத்து வச்சிடுங்க” என்றேன். “ம்” என்றார். புயல் ஒன்று வந்து ஆந்திராப் பக்கம் போயிற்று. கார்த்திகை தீபத்தன்று அகல் வைக்க இடம் தேடியபோது அவை அங்கேயே இருந்தன, மேலே ஒரு தண்ணீர் ஜாடியோடு.